அரிசி அங்கே, வாழையிலை இங்கே

ஆடி அமாவாசைக்கு முதல்நாள் பின்னேரம் இலண்டன் ரூற்றிங் வட்டாரத்திலுள்ள நம்மவர் கடைகளில் ஒருவிதப் பரபரப்பு நிலவும். தந்தையாரை இழந்தோர் மறுநாள் விரதமிருந்து, கோயிலில் மோட்ச அருச்சனை செய்வித்து, வீட்டிற் படையலிட்டுப் பின்னர் உண்பது வழக்கம். தாயாருக்குச் சித்திரைப் பூரணை, தந்தையாருக்கு ஆடி அமாவாசை. அன்றைய சமையலிற் காத்தோட்டிக்காய் இருந்தாக வேண்டுமென்பது யாழ்ப்பாணத்துப் பாட்டிமார் வகுத்த விதி. ஆண்டின் மற்றைய நாட்களில் அந்தக் கசப்புக் காயை எவரும் நினைப்பதில்லை. அன்று மட்டும் அது இல்லாவிட்டால் இலை நிறையாது.

"தம்பி, வாழையிலை இருக்கோ?"

"முடிஞ்சுது அன்ரி. காலமை பத்து மணிக்கே முடிஞ்சுது."

"காத்தோட்டிக்காய்?"

"இந்தமுறை எடுக்கேல்லை. போன வருசம் எடுத்ததிலை பாதி குப்பைக்குத்தான் போனது."

"இதென்ன தம்பி, எங்கட கடையெண்டு நம்பியெல்லோ வாறம்!"

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மையார் வசிப்பது கடைக்கு எதிர்த் தெருவில். அன்று காலையிலேதான் அவருடைய வீட்டு வாசலில் இணையவழிக் கடையொன்றின் வான் வந்து நின்று 20 கிலோ அரிசி மூட்டையையும், பருப்பையும், எண்ணெய்ப் போத்தல்களையும் இறக்கிவிட்டுப் போனது. கடைக் கண்ணாடியினூடாக அதனை அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

இவ்வுரையாடல் ரூற்றிங்கிற்கு மட்டும் உரியதன்று. ஈஸ்ற்ஹாமிலும் வெம்பிளியிலும் ஹறோவிலும் சொற்கள் சற்று மாறி ஆண்டுதோறும் நடப்பதே. அம்மையார் செய்ததிற் குற்றம் ஏதுமில்லை. விலை குறைந்த இடத்தில் வாங்குவதும், முழங்கால் வருத்தமுள்ள ஒருவர் மூட்டை சுமக்காதிருப்பதும் விவேகமே. கடைக்காரர் செய்ததிலும் குற்றமில்லை. விற்காத காயை மறுபடியும் வாங்கி எறிய எந்த வியாபாரியாலும் இயலாது. இருவர் பக்கமும் நியாயம் இருக்க, இலை மட்டும் இல்லாமற் போவது எப்படி என்பதே ஆராயத்தக்கது.

நம்மவர் கடை என்று ஒன்று இல்லாதிருந்த காலமும் இந்த நாட்டில் இருந்தது. 1960களில் படிப்பதற்கும் உத்தியோகத்திற்கும் வந்தோர் மிளகாய்த்தூளை ஊரில் வறுத்து இடித்துப் பெட்டிக்குள் உடுப்புகளுக்கிடையே வைத்துக் கொணர்ந்தனர். அது முடிந்தால் அடுத்த பயணியை எதிர்பார்த்திருந்தனர். யூஸ்ரன் நிலையத்தை அடுத்த டிறம்மண்ட் வீதியில் இந்தியர் கடைகள் தோன்றிய பின்னர், வார இறுதியில் இரண்டு ரயில் மாறிப் போய்ப் பருப்பும் புளியும் வாங்கிவருவது ஒரு நாள் வேலையாயிற்று. 1972இல் இடி அமீன் உகண்டாவிலிருந்து ஆசியரை வெளியேற்றியபோது 27,000க்கு மேற்பட்டோர் இந்நாட்டிற்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் வியாபாரம் தெரிந்த குஜராத்தியர் பலர் மூலைக்கடைகளை எடுத்து நடத்தினர். வெம்பிளி ஈலிங் வீதி இன்றும் அதற்குச் சாட்சி. 1983 ஜூலைக் கலவரத்தின் பின் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக வந்தனர். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து சேமித்த பணத்தில் ஒருவர் கடை எடுத்தார்; அதில் நின்று தொழில் பழகிய தம்பியோ மைத்துனரோ அடுத்த கடையை எடுத்தார். 1981இல் விம்பிள்டன் கணபதி கோயிலும், 1986இல் ஹைகேற் முருகன் கோயிலும் குடமுழுக்குக் கண்டன. கோயில் வந்த இடத்திற்கு வெற்றிலையும் கற்பூரமும் வந்தன. அவை வந்த இடத்திற்கு முருங்கைக்காயும் குத்தரிசியும் வந்தன.

இக்கடைகள் நிலைத்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1994ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை 6 மணித்தியாலம் மட்டுமே திறக்கலாம். சிறிய கடைகளுக்கு அத்தடை இல்லை. நம்மவருடைய கல்யாணமும், பிறந்தநாளும், பூப்புனித நீராட்டும், கோயில் அபிஷேகமும் பெரும்பாலும் வார இறுதியிலேயே நடப்பதால், ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தேங்காய் தேடுவோருக்குத் திறந்திருக்கும் சிறிய கடை தெய்வம் போன்றது. வீட்டிலிருந்தபடி நடுநிசியிலும் கட்டளை கொடுக்கும் வசதி வந்ததும் இந்த அனுகூலத்தின் பெறுமதி பாதியாயிற்று.

அந்த வசதி நேற்று முளைத்ததன்று. 1979இல் மைக்கல் ஆல்ட்றிச் என்னும் ஆங்கிலேயர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியே கணினியோடு இணைத்து, வியாபாரம் செய்யலாமெனக் காட்டினார். 1984 மே மாதம் கேற்ஸ்ஹெட் நகரில் 72 வயதான ஜேன் ஸ்னோபோல் என்னும் மூதாட்டி தமது நாற்காலியில் இருந்தபடியே தொலைக்காட்சியின் தொலையியக்கியை அழுத்தி, ரெஸ்கோ கடையிலிருந்து மாஜரினும் கோர்ன்ஃபிளேக்ஸும் முட்டையும் தருவித்தார். வெளியிற் செல்ல இயலாத முதியோருக்காக நகரசபை நடத்திய பரிசோதனை அது. கைத்தொலைபேசியில் விரலசைவில் வாங்கும் இளைஞரை எண்ணிக் கலங்குவோர், இந்த முறையின் முதல் வாடிக்கையாளர் ஒரு பாட்டி என்பதையும் அது கருணையின் பேரிற் பிறந்தது என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

அக்கருணை இன்றும் பயன்படுகிறது. அபடீனிலோ கோண்வோலிலோ வைத்தியராகப் பணியாற்றும் தமிழர் ஒருவருக்கு அண்மையில் தமிழ்க் கடை ஏது? அவருக்கு இடியப்ப உரலும் வறுத்த அரிசிமாவும் தபாலில் வருவது பெரும் பேறு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், கைக்குழந்தையோடு தனித்திருக்கும் தாய்க்கும், இரண்டு வேலை செய்பவருக்கும் அவ்வாறே. கடைக்குப் போகாதவர் எல்லோரும் சோம்பேறிகள் என்று மேடையிற் பேசுவோர், தமது வீட்டுப் பார்சல்களை முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

1998இல் அமேசன் நிறுவனம் இந்நாட்டிற் கடை விரித்தது, புத்தகங்களோடு. பின்னர் பாத்திரம் வந்தது, புடவை வந்தது, அரிசியும் வந்தது. பெரிய அங்காடிகள் யாவும் வீட்டுக்கு வான் அனுப்பத் தொடங்கின. 2020 பெப்ரவரியில் இந்நாட்டுச் சில்லறை வியாபாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இணையவழி நடந்தது. ஊரடங்கு நிலவிய 2021 ஜனவரியில் அது 37 விழுக்காடு அளவுக்கு ஏறியது. பின்னர் தணிந்தும் காற்பங்குக்கு மேலாகவே நிற்கிறது. அந்த ஊரடங்கிலே பழகிய விரல் மறக்கவில்லை.

இனிக் கடையின் கணக்கைச் சற்று உட்புகுந்து பார்க்க வேண்டும். வாங்குவோரிற் பெரும்பாலோர் பொருளுக்குப் பொருள் விலையை ஒப்பிடுகின்றனர். கடை அப்படி இயங்குவதில்லை.

கடைக்காரருக்கு வாடகை, மின்சாரம், வேலையாள் சம்பளம், நகரசபை அறவிடும் வியாபார வரி என்று மாதம் பிறந்ததும் பணம் போக வேண்டிய வாசல்கள் நான்கு. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2016 ஏப்ரலில் மணிக்கு 7 பவுண் 20 பென்ஸாக இருந்தது. 2025 ஏப்ரலில் 12 பவுண் 21 பென்ஸ் ஆயிற்று. தொழிலாளிக்கு அது வேண்டியதே. ஆயினும் அந்தச் சம்பளத்தைக் கொடுக்கும் கடையில் ஒரு கட்டு வல்லாரை விற்று வரும் இலாபம் அந்த வேகத்தில் ஏறவில்லை. வியாபார வரியோ கட்டடத்தின் வாடகை மதிப்பைக் கொண்டு கணிக்கப்படுவது. இங்கிலாந்தில் அம்மதிப்பு 12,000 பவுணுக்கு மேற்படாத ஒற்றைக் கடைக்குச் சலுகை பெற்று வரியின்றி இருக்கலாம். இலண்டன் உயர்வீதிகளில் அந்த எல்லையைத் தாண்டிய கடைகள் பல. மோட்டார்ப் பெருவீதியோரத்துப் பண்டகசாலையின் ஒரு சதுர மீற்றருக்கும் ரூற்றிங் பெருந்தெருவின் ஒரு சதுர மீற்றருக்கும் வாடகை மதிப்பு மலைக்கும் மடுவுக்கும். வரியும் அப்படியே.

அரிசி கெடாது. மூட்டையை அடுக்கிவைத்தால் இந்த மாதம் விற்காவிட்டால் அடுத்த மாதம் விற்கும். பருப்பும் உழுந்தும் சீனியும் அவ்வாறே. வீடுதோறும் மாதந் தவறாமல் வேண்டப்படுவன. இவற்றில் வரும் இலாபம் சிறிதாயினும் நிச்சயமானது. வாழையிலை, வெற்றிலை, கீரை, முருங்கைக்காய், மாவிலை இவை அப்படியல்ல. ஆகாயவிமானத்தில் வருவன, கிலோவுக்குக் கூலி கொடுத்து வருவன, இரண்டு மூன்று நாளில் வாடுவன. பத்துக் கட்டுக் கீரை எடுத்தால் ஏழு விற்று மூன்று குப்பைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றின் விலையையும் ஏழின் மேல் ஏற்றினால் வாங்குவோர் முகஞ் சுளிப்பர். ஏற்றாவிட்டால் கீரையில் நட்டம். அந்த நட்டத்தைத் தாங்கியது எது? மூலையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டை. கீரை வாங்க வந்தவர் போகும்போது ஒரு மூட்டையும் எடுத்துப்போவார் என்ற நம்பிக்கையிலேதான் கீரை வந்தது.

இப்போது அரிசி அங்கே வாங்கப்படுகிறது, வாழையிலை இங்கே கேட்கப்படுகிறது. கெடாததும் நிச்சயமாக விற்பதும் பெரிய பண்டகசாலைக்குப் போக, வாடுவதும் அழுகுவதும் வருடத்தில் ஒருநாள் விற்பதும் சிறிய கடைக்கு மிஞ்சியிருக்கின்றன. எந்தப் பெரிய இணையவழிக் கடையும் காத்தோட்டிக்காயைத் தேடிப் போகாது. அதற்கு ஒரு பெயர்கூட அவர்களின் பட்டியலில் இருக்காது. அம்மையார் ஒரு மூட்டையில் மிச்சம் பிடித்த இரண்டொரு பவுண் அவருடைய பையிலேயே இருக்கிறது. காணாமற் போனது இலை.

புதிய மரக்கறி வரவு எவ்வளவு மெல்லிய நூலிற் தொங்குகிறதென்பதை இரண்டு சம்பவங்கள் காட்டின. 2014 மே முதலாந் திகதி ஐரோப்பிய ஒன்றியம், பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டதைக் காரணங்காட்டி, இந்தியாவிலிருந்து மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றின் வரவைத் தடைசெய்தது. மாம்பழத் தடை அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. மரக்கறிகளின் தடை மேலும் நீடித்தது. அந்த மாதங்களில் வேறு நாட்டுப் பாகற்காயைத் தேடி விடியற்காலை மொத்தச் சந்தைகளில் அலைந்தோர் சிறு கடைக்காரரே. அடுத்தது 2020 வசந்தகாலம். விமானச் சரக்கிற் பெரும்பகுதி பயணிகள் விமானங்களின் அடித்தட்டிலேயே வருகிறது. பயணிகள் பறக்காதபோது கறிவேப்பிலையும் பறக்கவில்லை.

அதே 2020 மார்ச்சிற் பெரிய அங்காடிகளின் வீட்டு விநியோகத்திற்கு நேரம் கிடைக்காமல் மக்கள் நள்ளிரவுவரை காத்திருந்தனர். தெருமுனைக் கடை திறந்திருந்தது. வாடிக்கையாளர் எவர் தனியாக இருக்கிறார், எவருக்குச் சீனி வியாதி, எவர் வாசற்படி இறங்கமாட்டார் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. இரவு கடை பூட்டிய பின் பைகளை வாசலில் வைத்து மணியை அடித்துவிட்டு விலகி நின்ற கடைக்காரர் பலர். அவர்களுள் நோய் தொற்றி மறைந்தோரும் உண்டு.

முழு உண்மையும் சொல்லப்பட வேண்டும். அதே நாட்களிற் சில கடைகளில் மாவும் பருப்பும் இரட்டை விலைக்கு விற்கப்பட்டன. அந்தக் கசப்பு இன்றும் பல குடும்பங்களில் ஆறவில்லை. "எங்கட ஆக்களே இப்பிடிச் செய்தவை" என்று சொல்லி அன்று இணையத்திற்குத் திரும்பியவர்களை இனப்பற்றின் பெயரால் மீட்டெடுக்க முடியாது.

நம்மவர் கடைகளின் குறைகளைப் பற்றிச் சங்கப் பத்திரிகைகள் பொதுவாக வாய் திறப்பதில்லை. விளம்பரம் தருவோர் அவர்களே என்பதால் இருக்கலாம். ஆனால் குறைகள் உள. விலைச்சீட்டு ஒட்டாத இறாக்கைகள் ஒரு குறை. பொருளுக்கு விலை காட்டப்பட வேண்டுமென 2004ஆம் ஆண்டின் விலை குறித்தற் கட்டளை கூறுகிறது. ஆளைப் பார்த்து விலை சொல்வது ஊர்ச்சந்தையோடு போகட்டும். வங்கி அட்டையாற் பணம் செலுத்துவோரிடம் ஐம்பது பென்ஸ் கூட அறவிடுவது அடுத்த குறை. 2018 ஜனவரி 13 முதல் அது சட்டவிரோதம். இன்ன தொகைக்குக் குறைந்தால் அட்டை ஏற்பதில்லை என்று சொல்ல மட்டும் கடைக்காரருக்கு உரிமை உண்டு. திகதி விடயத்திலும் குழப்பம் நிலவுகிறது. "இன்ன திகதிக்குள் உபயோகிக்க" என்று குறித்த பொருளை அத்திகதிக்குப் பின் விற்பது குற்றம். "இன்ன திகதிக்கு முன் சிறந்தது" என்றிருந்தால் பின்னரும் விற்கலாம், பொருள் உண்ணத்தக்கதாக இருக்க வேண்டும். வண்டு பிடித்த பயற்றை இந்த இரண்டாவது வாசகம் காப்பாற்றாது.

இணையவழிக் கடையின் குறைகள் வேறு வகையின. பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று வாங்கிய குடும்பத்தின் அனுபவம் கேட்கத்தக்கது. படத்தில் முழ உயரமாய், கோயில் மண்டபத்தில் ஏற்றியது போல் ஒளிர்ந்த விளக்கு, பெட்டியைத் திறந்தபோது சாண் உயரத்தில் நின்றது. அளவு எழுத்திற் சரியாகத்தான் குறிக்கப்பட்டிருந்தது, எவரும் வாசிக்கவில்லை. கற்பூரம் மலிவென்று கட்டளை கொடுத்தால் அது ஆறு பெட்டிக் கட்டாக வருகிறது. இலவச விநியோகத்திற்கு இன்னும் நான்கு பவுண் வேண்டுமென்று கணினி சொல்ல, வேண்டாத ஊறுகாய் ஒன்றும் சேர்ந்து வருகிறது. அது இலவசமாகாது, நான்கு பவுண் ஊறுகாய்.

எனினும் சட்டம் இணையவழி வாங்குவோருக்கு ஒரு பெரிய பாதுகாப்பைக் கொடுத்துள்ளது. 2013ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, பொருள் கைக்குக் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணம் எதுவும் கூறாமலே வேண்டாமென அறிவிக்கலாம். குத்துவிளக்கைத் திருப்பியனுப்பியிருக்கலாம், அக்குடும்பம் அதனையும் அறிந்திருக்கவில்லை. திருப்பியனுப்பும் தபாற்செலவு மட்டும் பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழும். கீரை, பழம் போன்ற வாடும் பொருள்களுக்கு இவ்வுரிமை இல்லை. கடைக்குச் சென்று தொட்டுப் பார்த்து வாங்கியதை மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை சட்டத்தில் இல்லை. பல கடைகள் நற்பெயர் கருதி ஏற்றுக்கொள்கின்றன, அவ்வளவே. பொருள் பழுதானால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி எங்கு வாங்கினாலும் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம்; இது வாடும் பொருளுக்கு அதன் ஆயுளளவே. 100 பவுணுக்கு மேற்பட்ட மாவரைக்கும் இயந்திரம் போன்றவற்றைக் கடனட்டையில் வாங்கினால், விற்றவர் கைவிட்டாலும் அட்டை கொடுத்த நிறுவனமும் பொறுப்பாளி. இது 1974ஆம் ஆண்டுச் சட்டம். அரை நூற்றாண்டாகியும் நம்மவரிற் பலருக்குத் தெரியாது.

ஆகவே இயந்திரம், புத்தகம், பிள்ளைகளின் பாடசாலைப் பொருள் போன்றவற்றை இணையத்தில் வாங்குவதில் நட்டமில்லை. ஒப்பிடவும் வசதி, திருப்பவும் வசதி. புடவை வாங்குவதில் அவரவர் துணிவு. பட்டின் நிறத்தைக் கண்ணாடித் திரையில் நம்புவோர் தீரர்கள். உணவுப்பொருளிலும் பூசைப்பொருளிலும் கணக்கு வேறு என்பதே மேலே கண்டது. அதிலும் ஒரு வீட்டில் மாதம் வாங்கும் அரிசியும் பருப்பும் எங்கு போகின்றன என்பதே முக்கியம். வெற்றிலைக்கு மட்டும் வருபவர் நூறு பேரானாலும் கடைக்கு அவர்கள் பாரமே.

சாவீடு வந்தால் இதெல்லாம் எளிதில் விளங்கும். இந்நாட்டில் இறந்தவரின் உடலைத் தகனஞ் செய்ய ஒரு வாரமும் அதற்கு மேலும் ஆவதுண்டு. நாள் குறித்தபின் ஓட்டம் தொடங்கும். குருக்கள் ஐயா கொடுத்த சாமான் துண்டை மகன் கொண்டுவருகிறான். இங்கே பிறந்த பிள்ளை. தமிழ் வாசிக்கத் தடுமாறுபவன். தர்ப்பை, எள், அறுகம்புல், நவதானியம் என்று நீளும் துண்டை அவன் கைத்தொலைபேசியிற் தேடினால் தர்ப்பைக்கு ஏதோ ஒரு தோட்டப் புல்லின் படம் வரும். வியாழன் விநியோகம் என்றும் வரும். தகனம் புதன்கிழமை.

கடைக்காரர் துண்டை வாங்கி ஒருமுறை மேலிருந்து கீழே பார்ப்பார்.

"ஐயா எந்தக் கோயில், தம்பி?"

மகன் சொல்வான்.

"அப்ப அவர் பொற்சுண்ணம் இடிப்பிப்பார். துண்டிலை நெல்லு எழுத மறந்துபோனார் போலை. நெல்லும் போட்டுவிடுறன். உரல், உலக்கை இருக்கோ வீட்டிலை? இல்லாட்டி இஞ்சை ஒண்டு கிடக்கு, முடிஞ்சாப் பிறகு கொண்டந்து தாரும். காசு பிறகு பாப்பம்."

திருப்பொற்சுண்ணம் பாடி இடிக்கும் நேரத்தில் நெல் இல்லையென்று சபையில் எவரும் திகைத்து நிற்கவில்லை. அந்த நெல்லின் இலாபம் சில பென்ஸ். அந்தியேட்டி வரை மூன்று முறை வந்து போன அப்பிள்ளைக்கு எந்தச் சாமான் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தவர் அந்தக் கடைக்காரரே. கோயிலிற் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் கடையிற் கேட்கிறார்கள் என்பது சங்கங்கள் கவனிக்க வேண்டிய விடயம்.

சங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடாந்த விழாவிற்கு இலவச மலரும், பாற்சோற்றுக்கு அரிசியும், மலரிதழுக்கு விளம்பரமும் கேட்டுக் கடைப்படி ஏறும் நிருவாகசபையினர், அன்னதானத்துக்கான கடதாசித் தட்டையும் குவளையையும் இணையத்தில் மொத்தமாகத் தருவிப்பது அழகன்று. விலை கேட்டுப் பார்க்கவாவது செய்யலாம். பல கடைக்காரர்கள் மொத்தமாகக் கேட்டால் விலையைக் குறைப்பார்கள், கேட்பவர் இல்லை.

கடைகளும் கைகட்டி நிற்கவில்லை. வட்ஸ்அப்பிற் கட்டளை எடுத்து மாலையில் வீட்டிற்கே கொண்டுசென்று கொடுப்போர் பெருகியுள்ளனர். சிலர் தாமே இணையத்தளம் திறந்துள்ளனர். விநியோக நிறுவனங்களோடு சேர்ந்தோர், அவை கேட்கும் தரகுப் பணத்தைக் கட்டிய பின் கையில் மிஞ்சுவது சொற்பமென்று குறைப்படுகின்றனர். ஆனாலும் பழைய முறையொன்று திரும்பி வருகிறது. ஊரில் மூலைக்கடை வைத்திருந்தவர்கள் அறிந்த முறை, கொப்பி.

தொடக்கத்திற் சொன்ன ரூற்றிங் கடையிற் கல்லாப்பெட்டிக்கு அருகே இம்முறை ஒரு கொப்பி நூலிற் கட்டித் தொங்குகிறது. ஆடி அமாவாசைக்கு இலையோ காத்தோட்டிக்காயோ வேண்டுவோர் ஒரு கிழமை முன்னதாகப் பெயரும் அளவும் எழுத வேண்டும். எழுதிய அளவே விமானத்தில் வரும். எதிர்த் தெரு அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு, இலை ஆறு, காய் அரைக் கிலோ என்று எழுதினார். பேனையை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் கீரிச்சம்பா என்ன விலை?"

"அங்கத்தையை விட ஒண்டரைப் பவுண் கூட, அன்ரி. பொய் சொல்லமாட்டன்."

"படியாலை தூக்கிக்கொண்டு வந்து தருவீரோ?"

"கடை பூட்டினாப் பிறகு கொண்டாறன். எட்டரை ஆகும்."

"எட்டரைக்கு நான் முழிப்புத்தான்," என்றார் அம்மையார்.